வீதிச் சத்தத்தை யன்னலில் தடுப்பது எப்படி? யாழ்ப்பாண வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வீதியோரத்தில் வீடு உள்ளவர்கள் சத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் கேட்பது, “எந்தக் கண்ணாடி போட்டால் நல்லது?” என்பதைத்தான். கண்ணாடி முக்கியம், ஆனால் அது பிறகு வர வேண்டிய கேள்வி. கே.கே.எஸ். வீதி, பலாலி வீதி, கண்டி வீதி ஓரங்களில் நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் சத்தம் கண்ணாடியின் ஊடாக வரவில்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள இடைவெளியால்தான் வந்தது. அந்த இடைவெளியை அடைக்காமல் விலை கூடிய கண்ணாடி வாங்கினால் காசு போகும், சத்தம் போகாது.

இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட வழிகாட்டலில், நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் சராசரிச் சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்றது. 2018 இல் ஐரோப்பிய நாடுகளுக்கென வெளியிட்டதில், இரவில் வீட்டுக்கு வெளியே வீதிச் சத்தம் 45 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. பஸ்ஸும் லொறியும் ஓடும் பிரதான வீதியின் ஓரத்தில் பகலில் 70 டெசிபலும் அதற்கு மேலும் சாதாரணம். படிக்கிற பிள்ளையும் நோயாளியும் முதியவர்களும் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் ஒவ்வொரு நாளும் உடம்பில் தெரியும்.

டெசிபல் கணக்கில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதியானது போல் கேட்கும். 3 டெசிபல் குறைந்தால் உன்னித்துக் கேட்டால்தான் தெரியும். யாராவது “2 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும்” என்று விற்க வந்தால் அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

படி 1: சத்தம் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

யன்னலைத் தொடுவதற்கு முன் கூரையைப் பாருங்கள். சீலிங் அடிக்காத ஓட்டு வீடு என்றால், சுவருக்கும் கூரைக்கும் இடையில் உள்ள திறந்த இடைவெளியாலும் ஓடுகளுக்கு இடையாலும் சத்தம் தாராளமாக உள்ளே வரும். அந்த அறைக்கு உலகத்தில் உள்ள மிக நல்ல யன்னலைப் பூட்டினாலும் பெரிய மாற்றம் இருக்காது. அப்படியான வீட்டில் முதல் வேலை படுக்கையறைக்கு மட்டுமாவது சீலிங் அடித்து, சுவரின் மேல் விளிம்பை அடைப்பதுதான். கொங்கிறீற் தட்டுப் போட்ட வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை, நேரே யன்னலுக்கு வரலாம்.

அடுத்தது, யன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரங்கள். எங்களூர் வீடுகளில் பூவேலையோடு வார்த்த சீமெந்துக் காற்றுக்கல்லோ மரச் சட்டத் துவாரமோ யன்னல் தலைப்பில் இல்லாத அறை குறைவு. வெக்கைக்கு அது அருமையான ஏற்பாடு. ஆனால் சத்தத்துக்கு அது எப்போதும் திறந்தே இருக்கும் யன்னல்.

பிறகு யன்னலைச் சோதியுங்கள். மூன்று எளிய வழிகள் இருக்கின்றன. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரை டோர்ச் அடிக்கச் சொல்லி எங்கெங்கே வெளிச்சக் கீற்றுத் தெரிகிறது என்று பார்க்கலாம். காற்று அடிக்கிற நேரம் ஊதுபத்தியை விளிம்போடு மெல்ல நகர்த்தினால் புகை எங்கே கலைகிறதோ அங்கே இடைவெளி. மூன்றாவது, எனக்கு மிகவும் நம்பிக்கையானது, கடதாசிச் சோதனை. ஒரு கடதாசித் துண்டை யன்னல் கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் சரி, வழுகிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சத்தமும் அப்படியே வரும். பிணைச்சல் பக்கம் பெரும்பாலும் பிடிக்கும். இரண்டு கதவுகளும் சந்திக்கும் நடு விளிம்பில், அதுவும் கொண்டிக்குக் கீழே உள்ள பாதியில்தான் கடதாசி கையோடு வந்துவிடும்.

கேட்கும் சத்தத்தின் வகையும் வழியைக் காட்டிக் கொடுக்கும். ஹோர்ன், ஆட்களின் பேச்சு, மோட்டார் சைக்கிளின் கீச்சிடல் எல்லாம் தெளிவாகக் கேட்டால் இடைவெளிதான் குற்றவாளி. அவை மங்கலாகி, பஸ் நின்று கிளம்பும்போது வரும் உறுமலும் கண்ணாடி அதிர்வதும் மட்டும் மிஞ்சினால், இடைவெளி ஓரளவு அடைபட்டிருக்கிறது, கண்ணாடிதான் பாரம் போதாது. ரயில் பாதைக்கு மிக அருகில் உள்ள கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்க வீடுகளில் நிலத்தோடு வரும் அதிர்வை எந்த யன்னலாலும் தடுக்க முடியாது. காற்றில் வரும் ஹோர்னையும் சக்கரச் சத்தத்தையும் மட்டும் குறைக்கலாம்.

படி 2: எந்த யன்னல் பூட்டியிருக்க வேண்டும், எது திறந்திருக்க வேண்டும்?

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் கடைசியில் ஏமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்து வெக்கையில் எல்லா யன்னலையும் இறுக்கிப் பூட்டிக்கொண்டு வாழ முடியாது. திறந்த யன்னலுக்குள் என்ன கண்ணாடி போட்டிருந்தாலும் ஒன்றுதான். ஆகவே வீட்டைச் சுற்றி நடந்து முடிவெடுங்கள்: வீதியைப் பார்த்த சுவர் பூட்டும் சுவர், பின்வளவைப் பார்த்த சுவர் காற்று எடுக்கும் சுவர்.

இதில் காற்றின் திசையும் வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கே.கே.எஸ். வீதியும் பலாலி வீதியும் நகரிலிருந்து வடக்கே போகின்றன. அதனால் வீதிக்கு மேற்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக்குச் சோளகம் பின்வளவால் வரும், வீதிப் பக்கத்தைத் துணிந்து பூட்டலாம். கிழக்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக்கு அந்தக் காற்று வீதியைத் தாண்டித்தான் வரும். அவர்கள் தெற்குப் பக்கச் சுவரில் ஒரு யன்னலைப் பெரிதாக்கிக் காற்றைப் பக்கவாட்டில் பிடிப்பது நல்லது. பக்கச் சுவர் யன்னல் வீதியை நேரே பார்க்காததால் அதன் வழியே வரும் சத்தமும் குறைவு.

இயலுமானால் படுக்கையறையையே பின்னுக்கு மாற்றுங்கள். முன் அறையை விறாந்தையாகவோ சாமான் அறையாகவோ வைத்துக்கொண்டு பின்னறையில் படுத்தால், காசு செலவில்லாமல் கிடைக்கும் அமைதி எந்தக் கண்ணாடியாலும் கிடைக்காது. புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்வேன்.

படி 3: இடைவெளியை அடையுங்கள்

ஒரு கணக்குப் பாருங்கள். 4 அடிக்கு 4 அடி யன்னல். சுற்றிவர ஒரு நூல், அதாவது அங்குலத்தின் எட்டிலொரு பங்கு இடைவெளி. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் நான்கு பக்கமும் கூட்டினால் 24 சதுர அங்குலம், யன்னலின் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். ஒரு யன்னலில் 1 சதவீதம் திறந்திருந்தால் மிச்சம் 99 சதவீதமும் இரும்பாக இருந்தாலும் அது 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சாதாரண 6 மில்லிமீற்றர் கண்ணாடியே தனியாக 31 டெசிபல் அளவுக்குத் தடுக்கக் கூடியது. கண்ணாடியின் அந்த வலிமையை இந்த ஒரு நூல் இடைவெளி தின்றுவிடுகிறது. குடத்தில் ஊசித் துளை இருக்கும்போது குடத்தின் தடிப்பைக் கூட்டி என்ன பயன்?

பழைய மரக் கதவு யன்னல் உள்ளவர்கள் நேரே ஓடாவியாரைக் கூப்பிட்டு “இடைவெளி இல்லாமல் இறுக்கித் தாருங்கள்” என்று கேட்பார்கள். அனுபவமுள்ள ஓடாவியார் அதற்குச் சம்மதிக்க மாட்டார். ஒருவர் எனக்குச் சொன்னது: “அண்ணை, மரம் மாரியில ஊதும், கோடையில சுருங்கும். இப்ப இறுக்கிச் செய்தா கார்த்திகையில பூட்டேலாது.” அவர் சொல்வது முழுக்க உண்மை. மரத்துக்கு இடைவெளி வேண்டும், சத்தத்துக்கு இடைவெளி கூடாது. இரண்டையும் சமாளிப்பது அமுங்கி விரியும் றப்பர் பட்டிதான்.

கடையில் கிடைக்கும் மலிவான ஸ்பொஞ்ச் பட்டி எங்கள் வெயிலுக்கு நீண்ட நாள் தாங்காது, பொடியாகிவிடும். நடுவில் குழாய் போல் துவாரமுள்ள, ஈ.பி.டி.எம். எனப்படும் வெயில் தாங்கும் செயற்கை றப்பர் பட்டியைக் கேட்டு வாங்குங்கள். கதவு நிலையில் வந்து மோதும் படியில், நான்கு பக்கமும் அறுபடாமல் ஒட்ட வேண்டும், மூலைகளைச் சரிவாக வெட்டிச் சேர்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் பழைய பெயின்ற் உரிந்திருந்தால் உரசி எடுத்து, தூசு துடைத்து, காய விடுங்கள். இரண்டு கதவு சந்திக்கும் நடு விளிம்புக்கு மேல்படியும் மரச் சட்டம் ஒன்றை அடித்து, அதன் உட்பக்கம் பட்டியை ஒட்டுங்கள். பிறகு கொண்டி. பட்டியை அமுக்கிப் பிடிக்காத தளர்ந்த கொண்டியால் பலனில்லை. மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள் போட்டு, கதவை நிலையோடு இழுத்துப் பிடிக்கும்படி செய்யுங்கள். முடிந்ததும் மறுபடி கடதாசியை வைத்து இழுத்துப் பாருங்கள்.

நிலைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெடிப்பையும் மறக்க வேண்டாம். பூச்சு விலகிய இடத்தைச் சுரண்டி, ஆழமாகச் சீமெந்துச் சாந்து அடைத்து, விளிம்பில் சிலிக்கன் இழுக்க வேண்டும். விரியும் நுரையை மட்டும் பீச்சிவிட்டுப் போவது வேகமான வேலை, ஆனால் நுரைக்குப் பாரமில்லை. பாரமில்லாத பொருள் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

மேலே உள்ள காற்றுத் துவாரத்துக்கு வீதிப் பக்கத்தில் இரண்டு வழி. ஒன்று, சீமெந்துப் பலகையோ தடித்த கண்ணாடியோ வைத்து முழுக்க அடைத்துவிடுவது. மற்றது, உட்பக்கம் ஒரு மரப்பெட்டி அடித்து, அதன் உட்சுவரில் துணி போர்த்திய கண்ணாடிக் கம்பளியோ தடித்த நுரையோ ஒட்டி, காற்று இரண்டு வளைவு வளைந்து வரும்படி விடுவது. காற்று வளையும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் உறிஞ்சப்படும். முழு அடைப்புக்கு ஈடாகாது. ஆனாலும் ஏசி இல்லாத அறைக்கு இதுவே பொருத்தம்.

படி 4: யன்னல் வகையைத் தெரிவு செய்யுங்கள்

யன்னலையே மாற்றப் போகிறீர்கள் என்றால் கண்ணாடிக்கு முன்பு திறக்கும் விதத்தைப் பாருங்கள்.

லூவர் யன்னல் சத்தத்துக்கு மிக மோசம். ஒவ்வொரு கண்ணாடித் தகட்டுக்கும் இடையில் நீளமான இடைவெளி, அதற்கு றப்பரும் கிடையாது. வீதிப் பக்கப் படுக்கையறையில் லூவர் இருந்தால் அதை மாற்றுவதே முதல் செலவாக இருக்கட்டும்.

இப்போது எங்கும் போடும் அலுமினியச் சிலைடிங் யன்னல் பார்க்க அழகு, இடமும் பிடிக்காது. ஆனால் அது வழுக்கிப் போக வேண்டும் என்பதால் விளிம்பில் றப்பருக்குப் பதில் மயிர்ப் பட்டிதான் இருக்கும். மயிர்ப் பட்டி தூசைத் தடுக்கும், சத்தத்தை விடும். நடுவில் இரண்டு கண்ணாடியும் ஒன்றையொன்று தாண்டும் இடம் இன்னும் பலவீனம். பிணைச்சலில் திறந்து, பூட்டும்போது றப்பரில் அழுந்தி உட்காரும் யன்னல்தான் வீதிப் பக்கத்துக்குச் சரி. அது அலுமினியமா, யு.பி.வி.சி. என்ற கடினப் பிளாஸ்ரிக்கா, மரமா என்பது இரண்டாம்பட்சம். கைபிடியைத் திருப்பினால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பூட்டும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இருப்பதால் பிணைச்சலும் திருகாணிகளும் துருப்பிடிக்காத உருக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிணைச்சல் துருப்பிடித்துத் தொங்கினால் றப்பரில் அழுந்துவதும் நின்றுவிடும்.

திறக்கத் தேவையே இல்லாத இடத்தில் அசையாத கண்ணாடி போடுங்கள். மலிவும் அதுவே, சத்தத்தை அதிகம் தடுப்பதும் அதுவே.

படி 5: இப்போது கண்ணாடி

கண்ணாடி சத்தத்தைத் தடுப்பது பாரத்தால். 1 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு 2.5 கிலோ. ஆய்வுகூட அளவில், 4 மில்லிமீற்றர் கண்ணாடி 29 அல்லது 30 டெசிபல் தடுக்கும், 6 மில்லிமீற்றர் 31 அல்லது 32. தடிப்பைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு தடிப்புக்கும் ஒரு குறிப்பிட்ட சுருதியில் கண்ணாடி தானே சேர்ந்து அதிர்ந்து சத்தத்தை உள்ளே விட்டுவிடும். 6 மில்லிமீற்றருக்கு அது ஏறத்தாழ 2000 ஹேர்ட்ஸ் (ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு), 12 மில்லிமீற்றருக்கு 1000 ஹேர்ட்ஸ். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதி அதுதான்.

இந்தப் பலவீனத்தைக் குறைப்பது லமினேற்றட் கண்ணாடி. 3 மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டுக்கு நடுவே 0.38 மில்லிமீற்றர் பி.வி.பி. என்ற மெல்லிய பிளாஸ்ரிக் தாள் வைத்து ஒட்டியது 6.38 என்று விற்கப்படும். நடுத்தாள் அதிர்வை விழுங்கிவிடும். தனிக் கண்ணாடியாகப் போடுபவர்களுக்கு என் தெரிவு இதுதான். உடைந்தாலும் துண்டுகள் தாளிலேயே ஒட்டியிருப்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் நல்லது. டெம்பர் செய்த கண்ணாடி உறுதியானது, ஆனால் அதே தடிப்புச் சாதாரணக் கண்ணாடியை விட அதிகம் சத்தம் தடுக்காது. நிறக் கண்ணாடியும் அப்படித்தான்.

இரட்டைக் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் “டபுள் கிளேசிங் போடுங்கோ, நாங்கள் அனுப்புறம்” என்று அன்போடு சொல்வார்கள். அங்கே அது குளிருக்காகச் செய்தது. 4 மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டு, நடுவில் 12 மில்லிமீற்றர் காற்று என்ற வழக்கமான அமைப்பு சத்தத்துக்கு 30 டெசிபல் அளவுதான் தரும். ஒற்றை 6 மில்லிமீற்றர்க் கண்ணாடியை விடக் கூடுதல் இல்லை. காரணம், இரண்டு கண்ணாடியும் நடுவில் அடைபட்ட காற்றும் சேர்ந்து ஏறத்தாழ 245 ஹேர்ட்ஸில் ஒன்றாக அதிரும். பஸ், லொறி உறுமலின் மேற்பகுதி அங்கேதான் கிடக்கிறது. இரட்டைக் கண்ணாடிதான் வேண்டுமென்றால் இரு பக்கமும் வேறு வேறு தடிப்பில், ஒரு பக்கமாவது லமினேற்றட்டாகக் கேளுங்கள்.

படி 6: பழைய யன்னலுக்கு உள்ளே இரண்டாவது யன்னல்

எல்லாவற்றிலும் அதிகம் பலன் தருவது இதுதான். எங்கள் பழைய வீடுகளுக்கு இது இயல்பாகவே பொருந்தும். தடித்த கல்லுச் சுவர், வெளிவிளிம்பை ஒட்டிய மர நிலை, இரும்புக் கம்பி, உள்ளே அகலமான யன்னல் தட்டு. அந்தத் தட்டின் உள்விளிம்பில் இன்னொரு கண்ணாடி யன்னலைப் பொருத்துங்கள். வெளியே உள்ள மர யன்னலை அழிக்கத் தேவையில்லை, வீட்டின் முகமும் மாறாது.

முக்கியம், இரண்டுக்கும் இடையில் 100 மில்லிமீற்றர், அதாவது 4 அங்குலமாவது இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றர் கிடைத்தால் இன்னும் நல்லது. இடைவெளி 12 மில்லிமீற்றரில் இருந்து 100 ஆனால், முன்னர் சொன்ன அந்தச் சேர்ந்து அதிரும் சுருதி அதே கண்ணாடிகளுக்கு 245 இலிருந்து 85 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். நன்றாக அடைபட்ட இரண்டு யன்னல்கள் இப்படிச் சேர்ந்தால் 40 டெசிபலைத் தொடலாம், தாண்டவும் கூடும். வெளிக் கண்ணாடி 5 மில்லிமீற்றர் என்றால் உள்ளே 6.38 லமினேற்றட் போடுங்கள், தடிப்பு வேறுபட்டிருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பக்கச் சுவர்களில் துணி போர்த்திய கம்பளிப் பட்டை ஒட்டினால் இடையில் எதிரொலிப்பதும் குறையும்.

உள் யன்னல் திறக்கக் கூடியதாகவே இருக்க வேண்டும். தூசு துடைக்கவும் வேண்டும், அவசரத்துக்கும் வேண்டும். கம்பி போட்ட யன்னலால் எப்படியும் வெளியேற முடியாது என்பதால், அந்த அறைக்குக் கதவு தவிர வேறு வழி உண்டா என்பதையும் இந்த நேரத்திலேயே யோசியுங்கள்.

படி 7: காற்றுக்கு என்ன செய்வது?

இறுக்கிப் பூட்டிய அறையில் இரவு முழுவதும் ஆட்கள் படுத்தால் காற்றுக் கெட்டுப்போகும். ஏசி குளிராக்கும், ஆனால் வழக்கமான ஸ்பிளிற் ஏசி அறைக்குள் உள்ள காற்றையேதான் சுற்றிவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவராது. பின்வளவுப் பக்கம் ஒரு யன்னலைச் சிறிது திறந்து வையுங்கள் அல்லது அந்தச் சுவரில் முன்பு சொன்ன காற்றுப் பெட்டியை வையுங்கள். உள் கதவுக்குக் கீழே ஓர் அங்குல இடம் விட்டு, மறுபக்க அறையிலிருந்து காற்று வரச் செய்யலாம். சமையலறையை மட்டும் ஒருபோதும் இப்படி அடைக்க வேண்டாம். அடைத்த படுக்கையறைக்குள் நுளம்புச் சுருள் கொளுத்தவும் கூடாது. திறந்து வைக்கும் யன்னலுக்கு நுளம்பு வலை அடியுங்கள். வலை சத்தத்தைத் தடுக்காது, ஆனால் அது வீதிப் பக்கம் அல்லவே.

தடித்த திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தை மிகக் கொஞ்சமே தடுக்கும். வேலியோரத்து ஒற்றை வரிசை மரங்களும் அப்படித்தான், நிழலுக்கும் தூசுக்கும் நடுங்கள். வீதியைக் கண்ணுக்கு மறைக்கும் உயரத்தில் இடைவெளியில்லாத கல்மதில் இருந்தால் கீழ்த்தளத்துக்கு 5 டெசிபல் வரை கிடைக்கும். மேல்மாடிக்குக் கிடைக்காது.

படி 8: பூட்டுகிற நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

நல்ல யன்னலும் கெட்ட பொருத்தலில் வீணாகும். நிலை சுவருக்குள் இறங்கும்போது சுற்றிவர எவ்வளவு இடம் விடுகிறார்கள், அதை எதனால் நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். லமினேற்றட் கண்ணாடிக்கு நியூட்ரல் வகைச் சிலிக்கன் வேண்டும். வினாகிரி மணக்கும் சிலிக்கன் விளிம்பில் பட்டால் நடுத்தாள் கெடக்கூடும். அலுமினியச் சட்டத்தின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். சத்தம் வருகிறதென்று அவற்றை அடைத்துவிடாதீர்கள், மாரியில் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

மீதிக் காசைக் கொடுக்கும் முன் கடதாசியை எடுத்து எல்லா விளிம்பிலும் இழுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் சத்தம் அளக்கும் செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனாலும் அதே தொலைபேசியை அதே இடத்தில் வைத்து, காலை பஸ் ஓடும் நேரத்தில், யன்னல் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் தெரியும். பழைய எண்ணை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டு வாகனங்கள் உள் ஒழுங்கைகளால் திரும்பும் என்பதால், அந்தப் பக்க வீடுகளில் அப்போது எடுக்கும் அளவை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டாம்.

றப்பர் பட்டி வெயிலில் காய்ந்து கடினமாகும். ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி மழை தொடங்கும் முன் விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கித் திரும்பாவிட்டால் மாற்றுங்கள். முதலில் ஒட்டும்போதே ஒரு சாண் துண்டை வெட்டி மேசை லாச்சிக்குள் வைத்தால், பிறகு கடையில் அதே தடிப்பைக் காட்டி வாங்கலாம்.